குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்?

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். மரப்பிடி, பிடியில் லேசான விரிசல். நிர்வாகம் கொடுத்ததல்ல. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நானே சொல்லிச் செய்துகொண்டது. மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பரிசோதனைப் படிவம் ஒவ்வொன்றிலும், அச்சிட்ட கட்டங்களுக்குக் கீழே, அதைக் குத்துங்கள். அதில் ஒரு கேள்வியும் ஒரு கோடும்தான் உண்டு: “குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்? கைபேசி எண்.”

புதிதாக அந்த மேசைக்கு வந்திருக்கும் நீங்கள் இருவரும் இது எதற்கு என்று கேட்பீர்கள். என் பணி ஓய்வு விழாவில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது சுலபம். நம் மருத்துவமனையில் குழந்தை பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு குத்து. சில சொட்டு ரத்தம் ஓர் அட்டையில் ஊறிக் காய்ந்து பெங்களூருக்குப் போகிறது. சில நாளில் முடிவு வருகிறது. பெரும்பாலும் எதுவும் இருக்காது. எப்போதாவது ஒரு வரி சிவப்பில் வரும். வைத்தியத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தச் சிவப்பு வரியைப் பெற்றவர்களிடம் முதலில் சொல்வது நாம். முதல் வார்த்தை நம் வாயிலிருந்து போகிறது. அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அதில் நமக்குப் பங்கு உண்டு.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் ஒருவர், நான் சொல்லி முடித்ததும், “ரிஜெக்டா சார், இல்ல ரீவொர்க் பண்ணலாமா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மனைவி அவர் தொடையில் கிள்ளினார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் பத்து வருடமாக ஒரு பொருளில் குறை இருந்தால் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். பயத்தில் அதுதான் வந்தது. “ரிஜெக்ட் எதுவும் இங்க கிடையாதுங்க. தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்” என்றேன். அவர் அழுதார். கன்னடக்காரர் ஒருவர் நான் சொன்ன எதையும் காதில் வாங்காமல், “மகு சென்னாகிதெயா?” என்று மட்டும் நாலு முறை கேட்டார். குழந்தை நன்றாக இருக்கிறதா என்பது கேள்வி. நாலு முறையும் பதில் சொன்னேன். ஐந்தாவது முறை அவரே கேட்காமல் விட்டார். அப்புறம்தான் அவர் காதில் மற்றதெல்லாம் விழுந்தது.

அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், பெங்களூரில் இன்னொரு இடத்தில் பார்க்கிறோம் என்பவர்கள், இவர்களெல்லாம் பரவாயில்லை. பயத்தை வெளியே வைத்துவிட்டார்கள். சீக்கிரமாகவும் அமைதியாகவும் “சரிங்க சார்” என்பவரைக் கவனியுங்கள். அவர் மனதில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு முருகேசனிடம் தெரிந்தது. நான் அதைத் தெரிந்துகொண்டதற்கான விலையை அவர் மகன் கட்டப் பார்த்தான்.

முருகேசன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். மத்திகிரியில் வாடகை வீடு. மனைவி மஞ்சுளாவுக்குக் கல்லாவி சொந்த ஊர். தலைப்பிரசவம் நம் மருத்துவமனையில்தான் நடந்தது, பையன். ஐந்தாம் நாள் தாயும் பிள்ளையும் கல்லாவிக்கு, மஞ்சுளாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏழாம் நாள் எனக்கு முடிவு வந்தது. சிவப்பு வரி.

படிவத்தில் இரண்டு எண்கள் இருந்தன. முதல் வரியில் தகப்பன் எண், இரண்டாவதில் தாயின் எண். வழக்கம்போல முதல் எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் கைபேசியை வாசலில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் ஷிப்ட் முடிந்ததும் அவரே கூப்பிட்டார். நேரில் வாருங்கள் என்றேன். இருபது நிமிடத்தில் சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும்.

“போன்ல சொல்ல மாட்டேன்னீங்களே சார். கொழந்தைக்கு என்னங்க?”

“உட்காருங்க தம்பி. கொழந்தை நல்லா இருக்கான். நல்லா வளருவான், ஸ்கூலுக்குப் போவான், உங்கள மாதிரி வேலைக்கும் போவான். ரத்தத்துல ஒரு பொருள் அவனுக்குக் கம்மி. அதனால சில மருந்து, சில சாமான் அவனுக்கு ஆகாது. அது பட்டா ரத்த அணு உடையும், மஞ்சள் ஏறும். எது ஆகாதுன்னு தெரிஞ்சு ஒதுக்கி வச்சுட்டா வேற ஒண்ணும் இல்ல.”

நன்றாகச் சொன்னேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இந்தக் குறைக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். நல்லதை முதலில் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். பிறகு அச்சிட்ட தாளைக் கொடுத்தேன். முன்பக்கம் ஆகாத மருந்துகள். பின்பக்கம் வீட்டுப் பொருட்கள். பின்பக்கத்தில் மூன்றாவது வரி, அந்துருண்டை. துணிமணியில் பூச்சி வராமல் பீரோவில் போட்டு வைக்கிற வெள்ளை உருண்டை.

அவர் தாளைப் புரட்டவில்லை. “இது எங்கருந்து சார் வருது?” என்று கேட்டார்.

“அம்மா வழியா பையனுக்கு வரும். அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாது. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இதுல யார் தப்பும் இல்ல.”

“சரிங்க சார்.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்.

“எனக்குப் புரியுது சார். எங்கம்மாவுக்குப் புரியணுமே. குருபரப்பள்ளியில ரோட்டு மேல ஓட்டல் வெச்சிருக்குது. கல்யாணத்தப்பவே அந்த வூட்டுப் பொண்ணு வேணாம்னு நின்னுது. இப்ப அவ ரத்தத்துல இருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா, ஒவ்வொரு பண்டிகைக்கும் இதையே எடுத்துப் போட்டு அரைக்கும். மஞ்சு தாங்க மாட்டா.”

“அவங்ககிட்ட நான் பேசட்டுமா?”

“வேணாங்க. பதினொன்னாம் நாள் புண்ணியதானம் வருது. ரெண்டு பக்கத்துச் சனமும் கல்லாவியில கூடும். அது முடியட்டும். அப்புறம் நானே பொறுமையாச் சொல்லிக்கிறேன். நீங்க அவளுக்குப் போன் கீன் பண்ணிடாதீங்க சார். இந்த நாலு நாளு சொல்லலன்னா கொழந்தைக்கு ஏதாச்சும் ஆவுமா?”

“டாக்டரக் கேக்காம ஒரு மருந்தும் குடுக்கக் கூடாது. அத மட்டும் கண்டிப்பாச் சொல்லி வைங்க” என்றேன்.

“சரிங்க சார்.”

நானும் “சரி தம்பி” என்றேன்.

அந்தச் சரியை நான் ஏன் சொன்னேன் என்பது வேறு கதை. பிறகு வருகிறேன். இப்போது நான் செய்ததை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கத் தாளை ஒரே ஒரு வாக்கியமாக்கிவிட்டேன். அந்த வாக்கியம் போய்ச் சேர வேண்டிய ஆளிடம் நான் பேசவில்லை. நாலு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு கணக்கு. பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் வீட்டில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். வீடு கழுவுவார்கள். உறவு கூடும். குழந்தையை முதல் முறையாகத் தூளியில் போடுவார்கள். தூளிக்குப் புதுத்துணி ஆகாது, சொரசொரக்கும். பல வருடம் உடுத்தி மெத்தென்று ஆன நூல் புடவை வேண்டும். அப்படிப்பட்ட புடவை எந்த வீட்டிலும் கொடியில் தொங்காது. பீரோவின் அடித்தட்டில் இருக்கும்.

பதிமூன்றாம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு வரவேற்பிலிருந்து ஓர் அழைப்பை என் மேசைக்கு மாற்றினார்கள். ‘குதிகால்ல ரத்தம் எடுத்தாங்களே, அந்த சார்’ என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

“சார், நான் மஞ்சுளா பேசறேன், கல்லாவியில இருந்து. பையனுக்குக் கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. எங்கம்மா இளவெயில்ல காட்டுனா போயிடும்ங்குது. நேத்தும் இன்னைக்கும் காட்டுனோம். எனக்கு என்னமோ சரியாத் தோணல.”

“பால் குடிக்கிறானாம்மா?”

“நேத்து வரைக்கும் குடிச்சான். இன்னைக்கு எழுப்பி எழுப்பிக் குடுக்க வேண்டியிருக்குது.”

“ஒண்ணுக்கு என்ன நிறத்துல போறான்?”

“டீ டிகாஷன் மாதிரி.”

பேனாவை வைத்துவிட்டேன். “மருந்து ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒரு சொட்டு குடுக்கல சார். டாக்டரக் கேக்காம எதுவும் குடுக்கவே கூடாதுன்னு அவரு தலையில அடிச்சுச் சொல்லியிருக்காரு.”

முருகேசன் வாக்குத் தவறவில்லை. நான் கொடுத்த வாக்கியத்தை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

“கொழந்தை எதுலம்மா படுத்திருக்கான்?”

“தூளியிலதான். புண்ணியதானத்தன்னைக்குக் கட்டுனது. அதுல போட்டாத்தான் தூங்குறான்.”

“என்ன துணி?”

“எங்கம்மாவோட பழைய நூல் பொடவ. பீரோவுல வெச்சிருந்துச்சு.”

“பீரோவுல அந்துருண்டை போட்டிருந்தீங்களா?”

“எல்லாரும் போடறதுதானுங்களே. வாசம் போவட்டும்னு சித்த நேரம் காத்தாடப் போட்டுத்தான் கட்டுனோம். ஏன் சார்?”

இந்த ‘ஏன் சார்’ உங்களுக்கும் ஒரு நாள் வரும். அதற்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அந்த நொடியில் தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரும். உங்கள் தவறு வெளியே தெரியப்போகிறது என்பதும் நினைவுக்கு வரும். ‘டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளத் தோன்றும். வாங்காதீர்கள். அந்தப் பத்து நிமிடம் குழந்தையுடையது. முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், காரணத்தை அடுத்துச் சொல்லுங்கள். இரண்டையும் அதே அழைப்பில் சொல்லுங்கள்.

“மொதல்ல அவனத் தூளியில இருந்து தூக்குங்கம்மா. அவன் மேல இருக்கற துணி எல்லாத்தையும் கழட்டிடுங்க. உங்க கட்டுப்பொடவையும் பீரோவுல இருந்து எடுத்ததுன்னா அதையும் மாத்துங்க. தினம் துவைச்சுப் போடற துணியில சுத்துங்க. கெடைக்கிற வண்டியில உடனே கிருஷ்ணகிரிக்குக் கெளம்புங்க. அங்க நாங்க பேசி வெக்கிறோம்.”

அந்தப் பக்கம் அவர் அம்மாவிடம் சத்தமாக ஏதோ சொன்னார். இரும்புக் கொக்கி கிறீச்சிடும் ஒலி கேட்டது. மறுபடி வந்தார். “தூக்கிட்டேன். ஏன்னு நீங்க சொல்லல.”

சொன்னேன். ரத்தத்தில் என்ன குறை, அந்துருண்டை அதை என்ன செய்யும், ஏன் அவசரம், எல்லாம் நாலு வாக்கியத்தில். முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது என்றும் சொன்னேன். எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. “வண்டி பாக்கறேன் சார்” என்று வைத்துவிட்டார்.

நம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் வார்டில் இருந்தார். ஓடினேன். அவர் என் கையிலிருந்த முடிவைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், தானே கிருஷ்ணகிரியில் பணியில் இருந்த மருத்துவருக்குப் பேசினார். எந்த மருந்து கூடாது, என்ன தயாராக இருக்க வேண்டும், எல்லாம். வைத்த பிறகு என்னிடம் கேட்டார்.

“அம்மாவுக்கு எப்ப சொன்னீங்க?”

“இப்பதான் மேடம்.”

“அப்புறம் பேசலாம். போய் அப்பாவக் கூட்டிட்டுக் கெளம்புங்க.”

ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். காவலாளி என் வயதுக்காரர். ஷிப்ட் நடக்கும்போது ஆளை லைனிலிருந்து எடுக்க முடியாது, மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார், இரண்டரை மணிக்கு வெளியே வருவார் என்றார். நான் கத்தவில்லை. கத்தினால் விதி இறுகும். அது வாசலுக்கு வாசல் நான் பார்த்தது. “அவரு பையன் பொறந்து பதிமூணு நாள்தான் ஆகுது. ரத்தம் மாத்த வேண்டியிருக்கும்னு நெனைக்கிறோம். நீங்களே போய் அவர் காதுல சொல்லுங்க. திட்டு விழுந்தா என் பேரச் சொல்லுங்க” என்றேன். அவர் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே நடந்தார். முதலில் நடைதான். பாதி வழியில் ஓட ஆரம்பித்தார்.

முருகேசன் கையுறையோடு வந்தார். அவர் பைக்கை நான் ஓட்டுகிறேன் என்றதைக் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்தேன். சூளகிரி தாண்டியதும், முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தத் தாள்ல இருந்துச்சா சார்?”

“பின்பக்கம். மூணாவது வரி.”

“நான் திருப்பவே இல்ல. புண்ணியதானம் முடிஞ்சும் சொல்லாமத் தள்ளிட்டேன்.”

“நானும் படிச்சுக் காட்டல தம்பி.”

குருபரப்பள்ளியில் அவர் அம்மாவின் ஓட்டல் முன் வண்டி ஒரு கணம் வேகம் குறைந்தது. பிறகு நிற்காமல் போனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மஞ்சுளா முன்பே வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் சரக்கு ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். கண்களில் பட்டை கட்டிக் குழந்தையை நீல வெளிச்சத்துக்கு அடியில் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் மூளைக்கு ஏறுகிற எல்லையில் இருக்கிறது, ரத்தம் மாற்றப் போகிறோம் என்று மருத்துவர் சொன்னார். நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போனார்.

முருகேசனின் அம்மா மதியத்துக்குள் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். தகவல் எப்படியோ போயிருந்தது. வராந்தாவில் நின்று, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

“எங்க வூட்டுல மூணு தலைமொறையா ஒருத்தருக்கும் இப்பிடி ஒண்ணு கெடையாது.”

முருகேசன் எதற்குப் பயந்தாரோ அது வந்தே விட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சுளா பெஞ்சில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார்.

“எங்க வூட்டு ரத்தம்தான் அத்தே. டாக்டரே சொல்லிட்டாரு. உங்க பேரனுக்கு ஒடம்புல ஓடறதும் அதான். இப்ப வேற ரத்தம் ஏத்தறாங்க, யாரோடதுன்னு தெரியாது. அதையும் கேட்டு வெச்சுக்கறீங்களா?”

அந்த அம்மா பையிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்து, மருமகள் பக்கத்தில் வைத்தார். “சாப்புடு மொதல்ல. பச்ச ஒடம்பு” என்றார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வசவுக்குப் பயந்து ஆறு நாள் ஒளித்தோம், நாங்கள் இரண்டு ஆம்பிளைகள்.

மாலையில் ரத்தம் மாற்றி முடித்தார்கள். இனி இறங்கும் என்று நம்பலாம் என்றார்கள். நான் கிளம்பும்போது மஞ்சுளா வராந்தாக் கடைசி வரை வந்தார்.

“உங்களுக்கு எப்ப சார் தெரியும்?”

“ஏழாம் நாள்.”

“என் நம்பர் உங்ககிட்ட இல்லீங்களா?”

“இருந்துச்சும்மா. ரெண்டாவது வரியில.”

அவர் தலையசைத்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “அவரு சின்னப் புள்ள, மொதக் கொழந்தை, அவங்கம்மாவுக்குப் பயந்துட்டாரு. நீங்க எதுக்குப் பயந்தீங்க சார்?”

பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஒரு மகன். திருமணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவன், இப்போது பத்தாம் வகுப்பு. நம் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை தொடங்கியிருந்த புதிது. மற்ற குழந்தைகளின் முடிவோடு அவன் முடிவும் என் மேசைக்கே வந்தது. தைராய்டு வரி சிவப்பில். என் மனைவி அப்போது மேல் மாடி அறையில் இருந்தாள். நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றதற்கு, முதல் அட்டை சரியாக ஊறவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். இரண்டு நாள் கழித்து இரண்டாவது முடிவு வந்தது. எல்லாம் சரி. முதல் முறை சீக்கிரம் ரத்தம் எடுத்ததால் வந்த பொய் எச்சரிக்கை. தாளைக் கிழித்தேன். அவளிடம் சொல்லவே இல்லை.

அந்த இரண்டு நாளிலிருந்து நான் ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். சொல்லாமல் தாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும், வீட்டில் ஒருவராவது நிம்மதியாக இருப்பார் என்று. அது தப்பான பாடம். நான் சொல்லாததால் ஒன்றும் சரியாகவில்லை. அவனுக்கு முதலிலிருந்தே ஒன்றும் இல்லை. அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று எண்ணிப் பதினாலு வருடம் வைத்திருந்தேன். முருகேசன் என் எதிரே உட்கார்ந்து, நானே பொறுமையாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றபோது, நான் அவரைப் பார்க்கவில்லை. பையில் தாளோடு மாடிப்படி ஏறிய என்னைத்தான் பார்த்தேன். அந்த ஆளுக்குத்தான் சரி என்றேன்.

அனுபவசாலிகள் செய்யும் தவறு இது. புதியவர்கள் நீங்கள் தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டியிருப்பீர்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“அந்த ரெண்டு நாள்லதான நான் அகிலன்னு பேர் வெக்கணும்னு கேட்டேன்? உங்கப்பா பேர்தான்னு அது வரைக்கும் ஒத்தக்கால்ல நின்னீங்க. திடீர்னு சரி சரின்னு தலைய ஆட்டுனீங்க.”

“ஆமா.”

“என் ஆசைக்கு விட்டுக்குடுத்தீங்கன்னு இத்தன வருஷம் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்.”

வெங்காயத் தோலை ஓரமாகத் தள்ளினாள்.

“ஏன் சொல்லல?”

“நீ பயப்படுவேன்னு.”

“பயந்திருப்பேன்தான். ரெண்டு பேருமாச் சேர்ந்து பயந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கணக்கு சரிதான்.

திங்கட்கிழமை மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, இனி முடிவு தாய்க்கும் நேரடியாகப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். சரியான உத்தரவு. எனக்குப் போதவில்லை. கல்லாவியில் குழந்தையைத் துடைத்துத் தூளியில் போட்டது மஞ்சுளாவின் அம்மா. இன்னொரு வீட்டில் அத்தையாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், வேலைக்கு வரும் பெண்ணாக இருக்கலாம். எந்தக் கை குழந்தையைத் தொடுகிறதோ அந்தக் கையை முடிவு போய்ச் சேர வேண்டும். உறவுமுறை கேட்டால் எல்லோரும் அப்பா பெயரைத்தான் சொல்வார்கள். குளிப்பாட்டுவது யார் என்று கேட்டால் உண்மை வந்துவிடும். புதுப் படிவம் அச்சிட ஆறு மாதம் ஆகும் என்றது நிர்வாகம். அன்று மாலையே முத்திரைக் கடைக்குப் போனேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் அவர்கள் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். பையனுக்கு நாலு மாதம். கன்னம் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு, என் சட்டைப் பேனாவைப் பிடித்து இழுத்தான். காது கேட்கிறது, கண் நிலைக்கிறது, கழுத்து நின்றுவிட்டது என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முருகேசன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் விட்டேன். இன்றைக்கும் எந்த வீட்டிலாவது பீரோவைத் திறந்தால், அந்த வாசனைக்கு என் உள்ளங்கை வியர்க்கிறது. அது போகாது போலிருக்கிறது. போக வேண்டாம்.

முத்திரை குத்திய படிவத்தை மஞ்சுளாவிடம் நீட்டினேன். கேள்வியைப் படித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். எழுதித் திருப்பிக் கொடுத்தார். ‘முருகேசன்’ என்று எழுதியிருந்தது.

“நெசமாவா?” என்றேன்.

“மத்திகிரிக்கே வந்துட்டோம் சார். எங்கம்மா ஊருக்குப் போயாச்சு. இவருக்கு ரெண்டாவது ஷிப்ட், காலைல சும்மாத்தான இருக்காரு. கால நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுறாரு. சோப்பு மட்டும் கண்ணுல விட்டுடறாரு.”

“ஒரு வாட்டிதான் சார் விட்டேன்” என்றார் முருகேசன். “மொதல்ல எல்லாம் வழுக்கிடுவானோன்னு பயமா இருக்கும். இப்ப அவன் என்ன நனைச்சுட்டுத்தான் எந்திரிக்கிறான்.”

கோட்டின் மேல் இருந்த எண்ணைப் பார்த்தேன். ஏழாம் நாள் நான் முதலில் அழைத்த அதே எண்தான். அதற்குக் கீழே, கோடு இல்லாத வெறும் இடத்தில், இடுக்கி இடுக்கி, மஞ்சுளா தன் எண்ணையும் எழுதியிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன், என் முத்திரையில் ஒரு கோடுதான் இருக்கிறது. நீங்கள் இரண்டு கோடு வைத்துப் புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அது வரும் வரைக்கும் பழையதையே குத்துங்கள். இரண்டாவது கோட்டைப் பேனாவால் போடுங்கள்.